மாந்துவாவின் பரங்கிக் கொழுக்கட்டை

இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலையிற் பிறந்து கிழக்கு நோக்கி ஓடி ஏட்ரியாட்டிக் கடலிற் கலக்கிறது போ என்னும் பேராறு. அது கொணர்ந்து குவித்த வண்டலால் ஆகிய பெருஞ்சமவெளியில் இரண்டு பழைய நகரங்கள் உள்ளன. ஒன்று மாந்துவா, மற்றொன்று பெராரா. மாந்துவாவின் மூன்று பக்கங்களையும் ஏரிநீர் சூழ்ந்திருக்கிறது. உரோம நாட்டுப் பெருங்கவிஞர் வர்ஜில் கி. மு. 70-ஆம் ஆண்டில் பிறந்தது அந்நகரை அடுத்த சிற்றூரில்தான். இலக்கிய மாணவர்கள் மாந்துவாவை அறிந்திருப்பது பெரும்பாலும் அவ்வொரு காரணத்தாலேயே. ஆயினும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளாகிய டிசம்பர் 24-ஆம் நாள் மாலையில் அந்நகரத்தார் நினைப்பது வர்ஜிலை அன்று, பரங்கிக்காயை.

அன்று அவர்களுக்குப் புலால் நீக்கிய நோன்பு நாள். அந்த இரவு உணவின் தலையாய பண்டம் 'தோர்த்தெல்லி தி சூக்கா' என்பது. பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். பெராராவில் அதற்குக் 'கப்பெல்லாச்சி' என்று பெயர். பெரிய தொப்பிகள் என்பது பொருள். மடித்த மாவு, உழவர்கள் தலையில் அணியும் வைக்கோல் தொப்பியை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது என்பர்.

நம் வீட்டுக் கொழுக்கட்டையை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. இங்கே அரிசி மாவு. அங்கே முட்டை சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவு. இங்கே தேங்காயும் வெல்லமும். அங்கே சுட்டு மசித்த பரங்கிக்காயும் பாலாடைக்கட்டியும். இங்கே ஆவியில் வெந்தது, அங்கே கொதிநீரில் வேகும். ஆனால் ஒரு வேற்றுமை முதன்முறை உண்பவரைத் திகைக்க வைக்கும். இனிப்பும் உப்பும் இலேசான காரமும் கலந்த இப்பண்டத்தை அவர்கள் விருந்தின் இறுதியில் உண்பதில்லை, தொடக்கத்திலேயே உண்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

மாந்துவா மக்களைக் கேட்டால், "இது தொன்றுதொட்டு வரும் எங்கள் பண்டம்" என்பார்கள். அவ்வாறு சொல்வதில் தவறில்லை. ஆனால் வரலாறு படிக்கும் மாணவனுக்கு அங்கே ஓர் ஐயம் எழவேண்டும். பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோ நாட்டில் வஃகாக்கா மாநிலத்துக் குகை ஒன்றில் அகழ்ந்தெடுத்த பரங்கி இன விதைகள் ஏறத்தாழப் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். மாந்துவா மக்கள் போற்றும் பெருங்காய் வகையோ தென்னமெரிக்காவில் பண்படுத்தப்பட்டது. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்னர், இத்தாலிய மூதாட்டி ஒருத்தியும் பரங்கிக்காயைக் கண்ணாற் கண்டிருக்க முடியாது. அப்படியானால், 'தொன்றுதொட்டு' என்னும் அச்சொல்லில் எவ்வளவு உண்மை? இந்த எளிய வினாவைப் பிடித்துக்கொண்டு சென்றால், ஒரு கொழுக்கட்டைக்குள் நான்கைந்து நூற்றாண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருப்பது தெரியும்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். பரங்கிக்கு இன்று இத்தாலியர் வழங்கும் சொல் 'சூக்கா'. கொலம்பஸுக்கு முன்னரும் அச்சொல் இருந்தது. அப்போது அது குறித்தது சுரைக்காயை. சுரை பழைய உலகத்துக் கொடி. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் அதனை நெடுங்காலமாக அறியும். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்த்தினோ என்னும் புகழ்பெற்ற சமையற்கலைஞர் சுரைக்காய் அடை ஒன்றினைச் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார். சுரைக்காயைத் துருவி வேகவைத்து, பாலாடைக்கட்டி, முட்டை, சருக்கரை, இஞ்சி, இலவங்கப்பட்டை, குங்குமப்பூ ஆகியவற்றைக் கூட்டி, மெல்லிய மாவுத் தகட்டின்மேற் பரப்பிச் சுடவேண்டும் என்பது அம்முறை. இத்தகைய அடைக்குத் 'தோர்த்தா' என்று பெயர். சிறிய தோர்த்தாவே 'தோர்த்தெல்லி'.

மார்த்தினோவின் சமையல் முறைகளை இலத்தீன் மொழியில் எழுதி உலகறியச் செய்தவர் பிளாத்தினா என்னும் அறிஞர். அவருடைய நூல் 1470-களில் அச்சேறியது. அச்சில் வந்த சமையல் நூல்களுள் முதலாவது அதுவே என்று கருதப்படுகிறது. இந்தப் பிளாத்தினா பிற்காலத்தில் வத்திக்கன் நூலகத்தின் தலைவரானார். இளமையில் அவர் எங்கே பணி செய்தார் தெரியுமா? மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். சமையலைப் பற்றி எழுதுவது புலமைக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை. நம் நாட்டுப் புலவர்களும் அப்படி நினைத்திருந்தால் நமக்கு எவ்வளவு செய்திகள் கிடைத்திருக்கும்!

ஆக, இனிப்பான பூரணத்தை மாவில் வைத்து மூடும் கலையும், அப்பூரணத்துக்குக் காயைப் பயன்படுத்தும் வழக்கமும் பரங்கி வருமுன்னரே அங்கு இருந்தன. வீடு முன்பே கட்டி முடிந்திருந்தது. குடிவந்தவர் மட்டும் புதியவர்; அவரும் பழைய குடியின் பெயரையே சூட்டிக்கொண்டார்.

புதிய காய் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வேகம் வியப்புக்குரியது. பிரெஞ்சு நாட்டு அரசி ஆன் என்பவருக்காக 1503-க்கும் 1508-க்கும் இடையில் எழுதப்பெற்ற வழிபாட்டு நூலொன்றின் ஓவியத்தில் அமெரிக்கப் பரங்கி இனக் கொடி காணப்படுகிறது. உரோமாபுரியில் பார்னெசீனா என்னும் மாளிகையின் விதானத்தில் 1515 முதல் 1518 வரை இரபேலும் அவருடைய மாணாக்கரும் ஓவியங்கள் தீட்டினர். அவற்றைச் சுற்றிக் காய்கனி மாலைகளை வரைந்தவர் ஜொவான்னி தா உதினே. அம்மாலைகளிலே பழைய சுரைக்காயும் புதிய பரங்கிக்காயும் அருகருகே தொங்குகின்றன. கொலம்பஸ் புறப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள் முடியுமுன், புதிய உலகத்துக் காய் ஒரு செல்வரின் விதானத்தில் இடம்பெற்றுவிட்டது. கப்பற்கணக்குகள் சொல்லாத செய்தியைச் சில வேளைகளில் ஓவியனுடைய தூரிகை சொல்லிவிடுகிறது.

பெயர்கள் நம்மை ஏமாற்றும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளத்தை இத்தாலியர் இன்றும் 'துருக்கித் தானியம்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். தொலைவிலிருந்து வந்தது எதுவும் துருக்கியிலிருந்து வந்ததே என்று அக்காலத்தார் எண்ணினர் போலும். நம் நாட்டிலும் இதே காய் இருவகையாகப் பெயர் பெற்றது. பறங்கியர் என்று நம் முன்னோர் அழைத்த போர்த்துக்கேசியர் கடல்வழியே வந்த காலத்தை ஒட்டி வந்ததால் அது பரங்கிக்காய் ஆயிற்று. மற்றொருபால், கலியாண வீடுகளிற் பயன்படும் வெண்பூசணி முன்பே நம்மிடம் இருந்ததால், அதன் பெயரைப் பெற்று 'மஞ்சட் பூசணி', 'சருக்கரைப் பூசணி' என்றும் ஆயிற்று. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையிற் செருகப்படும் அந்த மஞ்சள் மலரைப் பார்க்கும்போது, அது கடல் கடந்து வந்த விருந்தாளி என்று யாருக்கு நினைவு வருகிறது?

இனிப் பெராராவுக்குச் செல்வோம். அந்நகரை எஸ்தே என்னும் குடும்பத்தார் ஆண்டனர். அவர்களுடைய அவையில் விருந்துகளை நடத்திவைக்கும் பொறுப்பு ஒரு பெரும் பதவி. அப்பதவியை வகித்தோருள் கிறிஸ்தோபரோ தி மெஸ்ஸிஸ்புகோ என்பவர் பெயர் பெற்றவர். 1533-ஆம் ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். விருந்து நடத்துவோன் பிரபுவாக உயர்வது என்றால், அக்காலத்து அரசியலில் விருந்துக்கு இருந்த இடத்தை எண்ணிப் பாருங்கள். அவர் 1548-இல் இறந்தார். அவருடைய விருந்து நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. சருக்கரையும் இலவங்கப்பட்டையும் அந்நூலில் இறைச்சியின் மேலும் தூவப்படுகின்றன, மாவுப் பண்டத்தின் மேலும் தூவப்படுகின்றன.

பரங்கிக் கொழுக்கட்டை எழுத்தில் இடம்பெறுவது அடுத்த தலைமுறையில். எஸ்தே குடும்பத்தில் பிறந்து உர்பினோ நாட்டுக் கோமகளாக இருந்த லுக்ரேசியாவின் விருந்து அதிகாரி ஜொவான் பத்திஸ்தா ரோசெத்தி. அவர் 1584-ஆம் ஆண்டில் பெராராவில் வெளியிட்ட நூலில், வெண்ணெய் இட்ட பரங்கித் தோர்த்தெல்லி குறிக்கப்பட்டுள்ளது. வெண்ணெயை உருக்கி மேலே ஊற்றும் அந்த வழக்கம் இன்றளவும் மாறவில்லை.

முன்னே ஒரு திகைப்பைக் குறிப்பிட்டேன். இனிப்புப் பண்டம் விருந்தின் முதலில் வருவது ஏன் என்பது. பதினாறாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியச் செல்வர் உணவில் இனிப்புக்கென்று தனி இடம் இல்லை. சருக்கரை ஒரு நறுமணப் பொருளாகவும் மருந்தாகவும் கருதப்பட்டது, எதன்மேலும் தூவப்பட்டது. நம் மலையாளக் கரையின் மிளகும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் வெனிஸ் நகர வணிகர் வழியாகப் போ சமவெளிக்குச் சென்றன. அவற்றை அள்ளி இடுவதே செல்வத்தின் அடையாளம். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சமையல் வேறு வழி வகுத்தது: இனிப்பை உணவின் இறுதிக்குத் தள்ளியது, நறுமணச் சரக்குகளைக் குறைத்தது. ஐரோப்பா பெரும்பாலும் அவ்வழியே சென்றது. மாந்துவாவும் பெராராவும் இந்த ஒரு பண்டத்தில் மட்டும் பழைய சுவையை விடவில்லை. கற்பாறையிற் படிந்த பழைய உயிரினத்தின் சுவடு போல, ஒரு காலத்தின் நாவுணர்வு இக்கொழுக்கட்டைக்குள் தங்கிவிட்டது. ஆதலால் 'தொன்றுதொட்டு' என்பதில் உண்மை உண்டு. காய் புதியது, சுவை பழையது.

இங்கே யூத மக்களின் பங்கினையும் குறிப்பிட வேண்டும். கொலம்பஸ் புறப்பட்ட அதே 1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாடு யூதர்களைத் துரத்தியது. பெராராவின் கோமகன் முதலாம் எர்க்கொலே அவர்களிற் சிலரைத் தம் நகருக்கு வரவேற்றார். மாந்துவாவிலும் யூதர் குடியிருப்பு செழித்திருந்தது. பரங்கிக்காய்ச் சமையல் இத்தாலிய யூதர் இல்லங்களில் சிறப்பிடம் பெற்றது. அக்காயை அவ்வட்டாரத்திற் பரப்பியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று உணவு வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். நாடிழந்து வந்த மக்களும் கடல் கடந்து வந்த காயும் ஒரே ஆற்றங்கரையிற் சேர்ந்தார்கள் என்னும் அக்கருத்து எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

அரசவைகள் நிலைக்கவில்லை. எஸ்தே குடும்பத்துக் கோமகன் இரண்டாம் அல்பான்சோ 1597-இல் மகவின்றி இறந்தார். 1598-இல் பெராராவைப் போப்பாண்டவர் ஆட்சி கைக்கொண்டது. எஸ்தே குடும்பத்தார் மோதெனா நகருக்குக் குடிபெயர்ந்தனர். மாந்துவாவின் கொன்சாகாக்கள் கடனில் மூழ்கி, 1627-இல் தம் ஓவியச் செல்வத்தை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்றனர். 1630-இல் பேரரசின் படைகள் நகரைச் சூறையாடின. கொள்ளைநோய் எஞ்சியோரை வாட்டியது. 1708-இல் கடைசிக் கோமகன் இறந்தார். மாந்துவா ஆஸ்திரியர் கைக்குச் சென்றது. ஓவியங்கள் இலண்டனிலும் மாட்ரிட்டிலும் பாரிசிலும் சிதறின. அரண்மனைச் சுவர்கள் மட்டும் நின்றன.

கொழுக்கட்டை எப்படி நின்றது? இதுவே இப்பேச்சின் கருப்பொருள். அரசவையில் விருந்து நடத்தியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்கள் நூல் எழுதினார்கள். ஆனால் அரசவை மறைந்த பின்னர், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அப்பண்டத்தைக் காத்தவர்கள் உழவர் குடும்பத்துப் பெண்கள். அவர்களிற் பலருக்கு எழுத்து தெரியாது. அளவு அவர்கள் உள்ளங்கையில் இருந்தது. முறை தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் சென்றது. வரலாற்றாசிரியனுக்கு ஏடு வேண்டும். ஏடு இல்லாத இடத்தில் நிகழ்ந்ததே பெரிது என்பதை அவன் அடிக்கடி மறந்துவிடுகிறான்.

அக்குடும்பங்களின் நிலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். போ சமவெளி வளமானது. ஆனால் விளைந்த கோதுமையிற் பெரும்பகுதி நிலக்கிழாருக்கும் சந்தைக்கும் சென்றது. உழுதவன் உண்டது மக்காச்சோளக் களி. காலையும் களி, மாலையும் களி. அமெரிக்காவின் பழங்குடியினர் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அதன் பின்னரே அரைத்து உண்டனர். அந்தச் செய்முறையால் தானியத்திற் கட்டுண்டிருக்கும் ஓர் உயிர்ச்சத்து விடுபடும். தானியம் கப்பலேறி வந்தது. அந்த அறிவு வரவில்லை. விளைவு 'பெல்லாக்ரா' என்னும் கொடுநோய். தோல் வெடித்து, வயிறு கெட்டு, இறுதியில் அறிவும் மயங்கும். மிலான் நகரத்து மருத்துவர் பிராப்போல்லி 1771-ஆம் ஆண்டில் அந்நோயை விளக்கி எழுதியபோது, உழவர் வழங்கிய அப்பெயரையே நூலில் ஏற்றினார். 'கரடுமுரடான தோல்' என்பது அதன் பொருள். குறைந்துள்ள சத்து நியாசின் என்று அறிவியலார் கண்டறிந்தது 1937-இல்தான். அதற்குள் எத்தனை தலைமுறைகள் போயின!

இத்தகைய குடிசைகளில் பரங்கிக்காய் ஒரு வரமாக இருந்தது. வேலியோரத்தில் கிடந்து படரும். தனிக் கழனி வேண்டாம். இலையுதிர் காலத்தில் முற்றிய காயைப் பரணில் அடுக்கினால் பனிக்காலம் முழுதும் கெடாது. வைக்க வைக்க அதன் மாச்சத்து சருக்கரையாக மாறி இனிப்பு மிகும். பன்றிகளுக்கும் அதுவே தீனி. அரசவை விருந்திற் சருக்கரை தூவி வருவித்த இனிப்பை, ஏழையின் பரணில் இருந்த காய் தானாகவே தந்தது. சருக்கரை வாங்க இயலாதவரும் பிரபுவின் பண்டத்தைச் செய்ய முடிந்தது இதனாலேதான். ஆயினும் மேல்தோலுக்குக் கோதுமை மாவு வேண்டும், முட்டை வேண்டும், பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் வேண்டும். சந்தையில் விற்றுக் காசாக்க வேண்டிய பொருள்கள் இவை. ஆகவே அது நாள்தோறும் உண்ணும் உணவன்று. ஆண்டு முழுதும் களி உண்டவர்கள், நோன்பு நாள் என்னும் பெயரால் ஓர் இரவு கோதுமையும் முட்டையும் உண்டார்கள்! நோன்பு செல்வர்க்குக் குறைவு. அந்த ஏழைகளுக்கோ அதுவே நிறைவு.

வீட்டில் அதனைச் செய்யும் முறையை இனிச் சொல்கிறேன். மாணவிகள் மட்டுமன்றி மாணவர்களும் செவிகொடுக்க வேண்டும்; இதில் வேதியியலும் இருக்கிறது.

மாந்துவாவில் விரும்பப்படும் காய்க்குப் 'பாதிரியார் தொப்பி' என்று பெயர். சாம்பல் படிந்த பச்சைத் தோலும், அழுத்தமான மஞ்சட் சதையும் உடையது. தட்டையாக, தலைப்பாகை போன்று இருக்கும். அதனைத் துண்டங்களாக நறுக்கி, விதை நீக்கி, தோலுடனே அடுப்பில் சுடுவார்கள். தண்ணீரில் வேகவைப்பதில்லை. பூரணத்திற்குப் பகை நீர்தான். நீர் மிகுந்தால் மாவுத் தோல் ஊறிக் கிழிந்துவிடும். சுட்ட சதையைச் சுரண்டி எடுத்து, சல்லடையில் தேய்த்து மசிப்பார்கள். நார் மேலே நின்றுவிடும்.

அம்மசியலுடன் துருவிய பார்மிசான் பாலாடைக்கட்டி சேரும். அது உப்பும் உறைப்பும் தந்து, எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சும். அடுத்து 'அமரெத்தி' என்னும் கசப்பு வாதுமைப் பிஸ்கோத்துகளைப் பொடித்துச் சேர்ப்பார்கள். பிறகு வருவது 'மொஸ்தார்தா'. ஆப்பிள், சீமை மாதுளை போன்ற பழங்களைச் சருக்கரைப் பாகில் ஊறவைத்து, கடுகின் காரச்சாரம் கூட்டிச் செய்வது அது. நம்மவர் அதனைச் சுவைத்தால், இனிப்பு மாங்காய் ஊறுகாய்க்கு உறவு என்பர். அதனை நுணுக்கி இடுவார்கள். இறுதியிற் சிறிது எலுமிச்சைத் தோல் துருவலும், சாதிக்காய்ப் பொடியும். இவ்வளவும் கலந்த பூரணத்தை உடனே பயன்படுத்துவதில்லை. ஓர் இரவு மூடி வைப்பார்கள். பிஸ்கோத்துப் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ள, சுவைகள் ஒன்றோடொன்று இணங்கும். ஆதலால் டிசம்பர் 24-ஆம் நாள் உணவுக்கு 23-ஆம் நாளே அடுக்களையில் வேலை தொடங்கிவிடும்.

மாவுக்கு வருவோம். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது கணக்கு. நம் கொழுக்கட்டைக்கு அரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் கிளறுகிறோம். கோதுமை மாவை அவர்கள் வெந்நீரின்றிப் பிசைகிறார்கள். காரணம் என்ன? கோதுமையில் 'குளூட்டன்' என்னும் புரதம் உண்டு. ஈரம் பட்டுப் பிசையும்போது அது வலைபோற் பின்னிக்கொண்டு, மாவை இழுபடச் செய்யும். அரிசியில் அது இல்லை. அதனால் கொதிநீரால் மாச்சத்தைப் பாகுபோலாக்கி, அதன் ஒட்டும் தன்மையைக் கொண்டு நாம் சொப்புச் செய்கிறோம். ஒரே பண்டத்தை நோக்கி இரு நாட்டுப் பெண்களும் வெவ்வேறு வழியிற் சென்று சேர்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் வேதியியல் கற்பிக்கவில்லை!

பிசைந்த மாவை மூடி அரைமணி நேரம் ஓய வைத்து, ஒரு முழத்தினும் நீண்ட உருட்டுக்கட்டையால் மெல்லியதாகத் தேய்ப்பார்கள். பழகிய கை தேய்த்த தகட்டின் கீழே கையை வைத்தால் விரல்கள் நிழலாடித் தெரியும். சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டி, நடுவே நெல்லிக்காயளவு பூரணம் வைத்து, காற்றுப் புகாமல் மடித்து, ஓரங்களை அழுத்துவார்கள். உள்ளே காற்று அடைபட்டால் கொதிநீரில் விரிந்து வெடித்துவிடும். இவ்வேலையை ஒருவர் செய்து முடிக்க இயலாது. குடும்பமே மேசையைச் சூழ்ந்து அமரும். தேய்ப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், மடிப்பவர் பலர். மாவு உலருமுன் மடித்தாக வேண்டும் என்பதால் பேச்சுக்கிடையிலும் கைகள் நில்லா. நம் வீடுகளில் பிள்ளையார் சதுர்த்தியன்று நிகழ்வதும் இதுவே அன்றோ? சிறுமியர் மடித்தவற்றை அங்கே உடனே கண்டுகொள்ளலாம், இங்கும் அப்படித்தான்.

உப்பிட்ட கொதிநீரில் சில நிமிடங்கள் வேகவைத்து, சல்லிக்கரண்டியால் மெல்ல எடுத்து, அகன்ற கிண்ணத்தில் ஓர் அடுக்கு பரப்புவார்கள். அதன்மேல் உருக்கிய வெண்ணெய், சேஜ் என்னும் மணத்தழை, துருவிய பாலாடைக்கட்டி. மீண்டும் ஓர் அடுக்கு. நானூறு ஆண்டுகளுக்கு முன் கோமகளின் விருந்து அதிகாரி எழுதிய வெண்ணெய் அப்போது மணக்கும்.

மாந்துவாவும் பெராராவும் ஒரே பண்டத்தைப் பகிர்ந்துகொண்டும் ஒன்றுபட்டதில்லை. பெராராவார் பூரணத்தில் பிஸ்கோத்தும் இல்லை, மொஸ்தார்தாவும் இல்லை. பரங்கி, பாலாடைக்கட்டி, சாதிக்காய் இவையே. காயின் இனிப்பைக் காயே காட்டட்டும் என்பது அவர்கள் கட்சி. காயும் வேறு: வயலின் இசைக்கருவியைப் போல இடை சிறுத்த நீள்காய். நோன்பில்லாத நாள்களில் இறைச்சிக் குழம்பையும் அதன்மேல் ஊற்றி உண்பார்கள். மாந்துவாவார் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். பத்துப் பதினைந்து கல் தொலைவுக்கு ஒரு முறை என்று அச்சமவெளி முழுதும் வேற்றுமைகள் மலிந்துள்ளன. சில ஊர்களில் தக்காளியும் சேர்கிறது. தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. எனக்குக் கேட்டால், ஊருக்கு ஊர் மாறும் இவ்வழக்கே பண்டம் உயிரோடிருப்பதன் அறிகுறி என்பேன். நம் திருநெல்வேலிக் கொழுக்கட்டையும் தஞ்சைக் கொழுக்கட்டையும் ஒன்றா?

இக்காலத்தில் பொறியாற் செய்து உறையிலிட்டு விற்கும் தோர்த்தெல்லி கடைகளிற் கிடைக்கிறது. வீட்டில் உருட்டுக்கட்டை எடுப்பவர் குறைந்துவிட்டனர். இந்நிலையில் பெராராவார் தம் பண்டத்துக்குச் சட்டத்தின் காப்பைத் தேடினர். 2016-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பெராராவின் பரங்கிக் கப்பெல்லாச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. காஞ்சிபுரம் பட்டுக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் நாம் பெற்றிருப்பதைப் போன்ற உரிமை அது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால், இன்ன காய், இன்ன வட்டாரம், இன்ன முறை என்று ஏட்டில் வரையறுத்துள்ளார்கள். பண்டத்தின் தொன்மையை நிறுவுவதற்கு அவர்கள் காட்டும் பழஞ்சான்று, ரோசெத்தி 1584-இல் வெளியிட்ட அந்த நூல். அவருக்கும் அந்த ஏட்டுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மாவு தேய்த்த பெண்களின் பெயர் ஒன்றும் சான்றாகக் கிடைக்கவில்லை.